விளக்கு அணைந்தால் குறை தீர்ந்ததா?

 

இம்மாதம் உங்களோடு ஒரு சின்ன விளக்கைப் பற்றிப் பேச விரும்புகிறேன். வாகனத்தில் சாரதியின் கண்ணுக்கு நேரே, வேகம் காட்டும் முள்ளுக்கு அருகில், எஞ்சினின் உருவத்தில் மஞ்சளாக எரியும் விளக்கு அது. "மௌலவிக்கும் மோட்டார் வாகனத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். கொடுக்கல் வாங்கல் எங்கே உண்டோ, அங்கே மார்க்கத்தின் சட்டமும் உண்டு. கராஜ் வாசலில் நிற்கும்போதும் நாம் முஸ்லிம்கள்தாமே!

நமது வீடுகளின் நிலை இப்போது மாறியிருக்கிறது. கணவர் கட்டாரிலோ சவூதியிலோ உழைத்துக்கொண்டிருக்க, பிள்ளைகளைப் பாடசாலைக்கும் குர்ஆன் மத்ரஸாவுக்கும், மாமியைக் கிளினிக்குக்கும் கொண்டு சேர்ப்பது மனைவியின் பொறுப்பாகிவிட்ட வீடுகள் பல. வாகனம் பழுதானால் கராஜுக்குப் போக வேண்டியவரும் அவரே. போதாக்குறைக்கு, 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளும் பழைய வாகனத்தையே திருத்தித் திருத்தி ஓட்டும்படி ஆயிற்று. ஆகவே, திருத்திய வேலை சரிதானா என்று பார்த்தறியும் வழியைப் பெண்களும் தெரிந்திருப்பது அவசியமாகிவிட்டது.

அடுப்பும் எஞ்சினும்

உங்கள் காஸ் அடுப்பை நினைத்துப் பாருங்கள். காற்று சரியாகக் கலந்தால் சுடர் நீலமாக எரியும். காற்றுப் போகும் வழி அடைபட்டால் சுடர் மஞ்சளாகிப் பானையின் அடி கரிபிடிக்கும், காஸும் வீணாகும். வாகனத்தின் எஞ்சினும் அப்படித்தான். ஒரு கிராம் பெற்றோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். பெற்றோல் கூடினால் பணம் கரையும், புகை நஞ்சாகும். குறைந்தால் எஞ்சின் திணறும்.

இந்த அளவு சரியா என்று பார்க்கப் புகைக்குழாயில் ஒரு சிறு கருவி வைத்திருக்கிறார்கள். அதுதான் ஒட்சிசன் சென்சர். ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் உருவாக்க, 1976இல் சுவீடனின் வொல்வோ வாகனங்களில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. அதன் முனையில் சிர்கோனியம் சேர்ந்த பீங்கான் இருக்கிறது. ஏறக்குறைய 300 பாகை செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் அது வேலை செய்யும். விரைவில் சூடேறுவதற்காக உள்ளே ஒரு ஹீட்டர் கம்பியும் உண்டு. எரிந்த புகையில் ஒட்சிசன் மிஞ்சியிருந்தால் அது 0.1 வோல்ட் அளவில் தாழ்ந்த மின்சாரத்தையும், ஒட்சிசன் அற்றுப் பெற்றோல் மிஞ்சியிருந்தால் 0.9 வோல்ட் அளவிலும் காட்டும். வாகனத்தின் கம்பியூட்டர் அதைப் பார்த்துப் பெற்றோலைக் கூட்டும், குறைக்கும்.

புகையிலுள்ள நஞ்சைக் குறைக்கும் கெட்டலிட்டிக் கொன்வேட்டருக்கு முன்னால் ஒரு சென்சரும், பெரும்பாலான புதிய வாகனங்களில் அதற்குப் பின்னால் இன்னொன்றும் இருக்கும். முன்னது பெற்றோலின் அளவுக்குச் சாட்சி. பின்னது கொன்வேட்டரின் வேலைக்குச் சாட்சி. ஈயம் கலந்த பெற்றோல் இவ்விரண்டையும் கெடுத்துவிடும். நமது நாட்டில் 2002இல் அந்தப் பெற்றோல் நிறுத்தப்பட்டது ஒரு நன்மையாகும்.

விளக்கு சொல்வதும் சொல்லாததும்

சாட்சி என்று சொன்னேன். அந்தச் சொல்லை மனதில் வையுங்கள். கம்பியூட்டருக்குச் சந்தேகம் வந்தால் ஒரு குறியீட்டை நினைவில் பதிந்துவிட்டு மஞ்சள் விளக்கை ஏற்றும். அமெரிக்காவில் 1996 மொடல் வாகனங்களிலிருந்து இந்த ஏற்பாடு ஒரே முறையில் கட்டாயமாக்கப்பட்டது. பின்னர் ஏனைய நாடுகளிலும் பரவியது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகினால் அந்தக் குறியீட்டை வாசிக்கலாம்.

இங்கே இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, குறியீட்டில் சென்சரின் பெயர் வந்தால் சென்சர்தான் பழுது என்பதில்லை. "காற்று மிஞ்சுகிறது" என்று சென்சர் சொன்னால், அது உண்மையையே சொல்லியிருக்கலாம். புகைக்குழாயின் மூட்டில் ஒரு வெடிப்பு இருந்து அதன் வழியே வெளிக்காற்று நுழைந்தாலும் அது அவ்வாறுதான் சொல்லும். ஹீட்டரின் பியூஸ் எரிந்திருக்கலாம், வயர் தீய்ந்திருக்கலாம். கெட்ட செய்தி கொண்டுவந்தார் என்பதற்காகச் சாட்சியைத் தண்டிக்கலாமா?

இரண்டாவது, விளக்கு அணைந்திருப்பது குறை தீர்ந்ததற்கு ஆதாரமாகாது. ஸ்கேனரால் நினைவை அழித்தால் விளக்கு உடனே அணையும். பல வாகனங்களில் பற்றரியின் வயரைக் கழற்றிப் பூட்டினாலும் அணையும். ஆனால் கம்பியூட்டர் பெரும்பாலான குறைகளை அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் கண்ட பின்புதான் விளக்கை மீண்டும் ஏற்றும். ஆகவே கராஜ் வாசலில் அணைந்திருந்த விளக்கு மூன்றாம் நாள் உங்கள் வீட்டு வாசலில் எரியலாம்.

ஒரு சகோதரியின் கொப்பி

மஹய்யாவையில் வசிக்கும் ஒரு சகோதரிக்கு இதுதான் நேர்ந்தது. விளக்கு எரிந்தது, பெற்றோல் செலவும் கூடியது. ஒரு கராஜில் காட்டினார். பாஸ் ஸ்கேன் செய்து பார்த்து, "ஒட்சிசன் சென்சர் போயிருக்கு" என்று புதியதைப் பொருத்தினார். விளக்கு அணைந்தது. பணமும் கொடுத்தாயிற்று. மூன்றாம் நாள் விளக்கு மீண்டும் எரிந்தது.

வீட்டிலிருந்தவர்களுக்குக் கோபம். "பழைய சென்சரைக் கழுவிப் போட்டு ஏமாற்றிவிட்டான்" என்று முடிவே செய்துவிட்டார்கள். "ஊரெல்லாம் சொல்ல வேண்டும், வட்ஸ்அப்பில் போட வேண்டும்" என்று ஒருவர் எழுதவும் தொடங்கிவிட்டார். அந்தச் சகோதரிதான் தடுத்தார். அவரிடம் ஒரு கொப்பி இருந்தது. பெற்றோல் தாங்கியை நிரப்பிய நாள், ஓடிய தூரம், அடித்த லீற்றர் எல்லாம் அதில் எழுதியிருந்தார். முன்பெல்லாம் 280 கிலோமீற்றருக்கு 20 லீற்றர். லீற்றருக்கு 14 கிலோமீற்றர். இப்போது அதே தூரத்துக்கு 28 லீற்றர், லீற்றருக்கு 10தான். சென்சர் மாற்றிய பின்பும் கணக்கு மாறவில்லை.

"நானா, நான் சண்டைக்கு வரல்ல. இந்தக் கொப்பியப் பாருங்க. நாமளே ஒருக்கா ஓட்டிப் பார்ப்போம்" என்றார்.

கொப்பியைப் பார்த்த பாஸ் மறுக்கவில்லை. சகோதரியின் தம்பியை ஏற்றிக்கொண்டு ஸ்கேனரோடு ஓட்டிப் பார்த்தார். பின்பு வாகனத்தை உயர்த்திப் பார்த்தபோது, சென்சருக்குச் சற்று முன்னே குழாய் மூட்டில் ஒரு வெடிப்பு. பழைய சென்சர் சொன்னதும் உண்மை. புதிய சென்சர் சொன்னதும் உண்மை! வெடிப்பால் நுழைந்த காற்றைக் கண்டு, பெற்றோல் போதவில்லை என்று கம்பியூட்டர் மேலும் மேலும் பெற்றோலைக் கொட்டியிருக்கிறது. பாஸ் வெடிப்பை ஒட்டி, கூலி வாங்காமல் கொடுத்தார். அவர் திருடரல்லர், அவசரப்பட்டவர். வட்ஸ்அப்பில் அந்தச் செய்தி போயிருந்தால் ஒரு மனிதரின் ரிஸ்கும் மானமும் என்னவாகியிருக்கும்?

தெளிவுபடுத்திக் கொள்ளுங்கள்

ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் இந்த இடத்துக்கு ஒரு விளக்காகும். தீயவர் ஒருவர் செய்தி கொண்டுவந்தால் அதைத் தீர விசாரித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிடில் அறியாமையினால் மக்களுக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்பு வருந்த நேரும் என்பது அதன் கருத்து. பனூ முஸ்தலிக் கூட்டத்தார் ஸகாத் கொடுக்க மறுத்துவிட்டதாக வந்த ஒரு தவறான செய்தியையொட்டி அது இறங்கியதாகத் தஃப்ஸீர் நூல்கள் கூறுகின்றன.

அவ்வசனத்தில் 'ஃபதபய்யனூ' என்று நாம் ஓதும் சொல்லுக்குத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள் என்று பொருள். ஹம்ஸா, கிஸாஈ ஆகிய இமாம்களின் ஓதல் முறையில் அது 'ஃபதஸப்பதூ' என்று வரும். நிதானித்து உறுதிசெய்யுங்கள் என்று பொருள். இரண்டும் சேர்ந்தால்தான் பாடம் முழுமையாகிறது. அவசரப்படவும் கூடாது, ஆராயாமல் விடவும் கூடாது.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றபோது அதனுள் கையை விட்டுப் பார்த்த சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. மேலே உலர்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழை பட்டதாக வியாபாரி சொன்னார். அந்த ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். கவனியுங்கள் சகோதரிகளே! குவியலின் மேற்புறத்தைப் பார்த்து நபியவர்கள் திருப்தியடையவில்லை. கையை உள்ளே விட்டார்கள். பார்த்த பின்பும் முதலில் கேள்வியே கேட்டார்கள். அணைந்த விளக்கு குவியலின் மேற்புறம். ஓட்டிப் பார்ப்பதுதான் கையை உள்ளே விடுவது.

ஸுப்ஹுக்குப் பின் ஓர் ஓட்டம்

எப்படி ஓட்டிப் பார்ப்பது? கராஜைச் சுற்றி ஒரு வட்டம் போனால் போதாது. நினைவை அழித்த பின் கம்பியூட்டர் தன் சோதனைகளை மீண்டும் முதலிலிருந்து செய்ய வேண்டும். அதற்குக் குளிர்ந்த எஞ்சினும், பலவிதமான ஓட்டமும் தேவை. ஸுப்ஹுத் தொழுகைக்குப் பின்னுள்ள நேரம் இதற்கு மிகப் பொருத்தம். இரவு முழுதும் நின்ற எஞ்சின் ஆறியிருக்கும். கட்டுகஸ்தோட்டை வீதியிலும் நெரிசல் இராது.

முதலில் வாகனத்தைத் திறந்த இடத்தில் ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். மூடிய கராஜுக்குள் ஒருபோதும் வேண்டாம். காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை, உயிரைக் கொல்லும்.

பின்பு மஹய்யாவையிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குச் சாதாரணமாக, நின்று நின்று செல்லுங்கள். பாலத்தைத் தாண்டி, அக்குறணை வழியாக மாத்தளைக்குச் செல்லும் ஏ9 வீதியில், வெறுமையான பகுதிகளில், வேக எல்லைக்குள் சில நிமிடங்கள் ஒரே சீராக ஓட்டுங்கள். அப்பால் பலகடுவ ஏற்றம் இருக்கிறது. ஏறும்போது எஞ்சினுக்குப் பாரம் கூடும். பெற்றோல் அதிகம் வேண்டும். இறங்கும்போது கியரிலேயே வைத்து அக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் கம்பியூட்டர் பெற்றோலை நிறுத்தும். கண்டி மலைநாட்டின் ஏற்றமும் இறக்கமும் இந்தச் சோதனைக்கென்றே அமைந்தவை போலிருக்கின்றன.

பக்கத்தில் இருப்பவர் ஸ்கேனரைப் பார்க்கட்டும். ஓட்டுபவரின் கண் வீதியில்தான் இருக்க வேண்டும். எஞ்சின் சூடாகிச் சீராக ஓடும்போது முன் சென்சரின் எண் 0.1க்கும் 0.9க்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கினால் அது உயிரோடு இருக்கிறது. ஒரே இடத்தில் நின்றால் சந்தேகம். ஏற்றத்தில் அழுத்தும்போது எண் உயர வேண்டும். இறக்கத்தில் காலை எடுத்தால் பூச்சியத்தை நெருங்க வேண்டும். பின் சென்சர் சீரான ஓட்டத்தில் அதிகம் ஆடாமல் இருந்தால் கொன்வேட்டர் நலம். பல புதிய ஜப்பான் வாகனங்களில் முன்னால் இருப்பது வேறுவகைச் சென்சர். அதன் எண்கள் வேறு. உங்கள் வாகனத்துக்கு எது என்று பாஸிடம் முதலிலேயே கேட்டறியுங்கள்.

திரும்பி வந்ததும் இரண்டு கேள்வி கேளுங்கள். புதிய குறியீடு எதுவும் காத்திருக்கிறதா? சோதனைகள் முடிந்துவிட்டனவா? "முடியவில்லை" என்று ஸ்கேனர் காட்டினால் தீர்ப்பும் முடியவில்லை. இன்னும் இரண்டு மூன்று நாள் வழமைபோல் ஓட்டிவிட்டு மீண்டும் பாருங்கள். பின்பு தாங்கியை நிரப்பி, ஓடி, மறுபடி நிரப்பிக் கொப்பியில் கணக்குப் போடுங்கள். ஓட்டத்தின் நடுவே மஞ்சள் விளக்கு மின்னி மின்னி எரிந்தால் மட்டும் தொடர வேண்டாம். பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிடுங்கள். எரியாத பெற்றோல் கொன்வேட்டருக்குள் போய் அதை அழித்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஓட்டிப் பார்க்க அந்நிய ஆணோடு தனியே வாகனத்தில் செல்லாதீர்கள். நானாவோ தம்பியோ வளர்ந்த மகனோ உடனிருக்கட்டும். கணவரின் சகோதரர் மஹ்ரம் அல்லர் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

பேச்சை முதலில் பேசுங்கள்

வேலை தொடங்குமுன்பே மூன்று விடயங்களைப் பேசிக்கொள்வது நல்லது. ஸ்கேனர் காட்டிய குறியீட்டை எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். பாகத்தின் விலையை முன்பும், கூலியை ஓட்டிப் பார்த்த பின்பும் தருவதாக இணங்கிக்கொள்ளுங்கள். முன்பே பேசாமல், வேலை முடிந்தபின் கூலியைப் பிடித்து வைப்பது அநீதி. சோதனையில் தேறிவிட்டால் தாமதிக்க வேண்டாம். உழைப்பாளியின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது நபிவழி.

கராஜ் வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் இவ்வீடுகளின் வழியாக ஒரு வார்த்தை. வாகனத்தைப் பற்றி அறியாதவர் உங்களிடம் ஒப்படைப்பது அமானிதம். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையை மறைக்காதிருந்தால் அவர்களது வியாபாரத்தில் பரகத் உண்டு. மறைத்தால் பரகத் அழிந்துவிடும் என்று புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் ஹதீஸ் கற்பிக்கிறது. விளக்கை மட்டும் அணைத்து அனுப்புவது மறைப்பதில் சேரும்.

புகை நமதே

"விளக்குத்தானே, எரிந்துவிட்டுப் போகட்டும்" என்று இருந்துவிடுவோரும் உண்டு. 2022 ஜூன் இறுதியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியதையும், அடுத்த மாதம் கிவ்ஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து கொடுத்ததையும் மறந்துவிட்டோமா? அந்தச் சகோதரியின் கணக்கில் வீணான 8 லீற்றரை அன்றைய விலைக்குப் பெருக்கினால் 3,760 ரூபா! வீண்விரயம் மார்க்கத்தில் கண்டிக்கப்பட்டது என்பதை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

பணம் நம்முடையது, புகை எல்லோருக்கும் உரியது. கண்டி மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற நகரம். வாகனங்கள் கக்கும் புகை எளிதில் கலைந்து போவதில்லை. வீதியோரத்து வீடுகளில் ஆஸ்துமாவோடு இருக்கும் முதியவர்களும், வீதியில் நடந்து செல்லும் பாடசாலைப் பிள்ளைகளும் அதையே சுவாசிக்கிறார்கள். 2008இல் நம் நாட்டில் தொடங்கிய புகைப் பரிசோதனையும் இதற்காகத்தான். ஆனால் அந்தச் சோதனை வாகனம் நிற்கும் நிலையில், வருடத்துக்கு ஒருமுறை நடப்பது. மற்ற நாட்களின் பொறுப்பு நம்மிடமே இருக்கிறது. தனக்கும் தீங்கிழைக்கக் கூடாது, பிறருக்கும் தீங்கிழைக்கக் கூடாது என்ற நபிமொழி புகைக்குழாய்க்கும் பொருந்தும்.

ஆகவே சகோதரிகளே, ஒரு கொப்பி வாங்கி இன்றே வாகனத்தில் வையுங்கள். அடுத்த முறை யாராவது "சரியாகிவிட்டது" என்று சொன்னால் சந்தேகத்தோடு முகத்தைச் சுளிக்கவும் வேண்டாம். கண்ணை மூடித் தலையாட்டவும் வேண்டாம். "அல்ஹம்துலில்லாஹ், ஓட்டிப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். உங்கள் பணத்துக்கும் அது காவல். உழைத்தவரின் மானத்துக்கும் அது காவல்.

உள்ளும் புறமும் ஒன்றாக வாழும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.